பால்மாப் பேணிக்குள் ஒன்பது மாதக் குளிசை

கடந்த மாரிகாலத்தில் ஒருநாள் சுயதொழில் கடன் விண்ணப்பம் நிரப்புவதற்காக வன்னியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அடையாள அட்டைப் பிரதியைத் தேடி அந்த அம்மா அலுமாரிக்கு மேலிருந்த பால்மாப் பேணியை இறக்கினார். மூடியைத் திறந்தால் பிரதி இல்லை. உள்ளே சின்னச் சின்னக் கடதாசி உறைகள். ஒவ்வொன்றிலும் மருந்தின் பெயரும் இரவு ஒன்று என்ற குறிப்பும். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது மாதத்துக் குளிசைகள்.

"உதை விடு பிள்ளை, அது கொழுப்புக் குளிசை" என்றார்.

"போடுறேல்லையோ அம்மா?"

"ரெண்டு மாசம் போட்டனான். பிறகு விட்டிட்டன்."

"அப்ப ஏன் கிளினிக்குக்குப் போய் எடுத்துக்கொண்டு வாறியள்?"

"எடுக்காட்டி மிஸ்ஸி ஏசும். பிறகு பிறசர் குளிசையும் தராமல் விட்டாலும் விடுவினம்."

அவருக்கு 57 வயது. கணவர் 2009 இல் காணாமற் போனவர். அரை ஏக்கரில் கச்சான் போட்டு, மகளையும் பேரப்பிள்ளையையும் பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் வாய் ஒருபக்கம் கோணி, வலது கை சோர்ந்து விட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை இருந்து தேறி வந்தார். கொலஸ்ரோலைக் குறைக்கும் அற்றோவஸ்ரற்றின் குளிசை தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "தொடை ரெண்டும் கடுக்குது. குந்தினால் எழும்பேலாது. இந்தக் குளிசை காலை வாங்கிப்போடும் எண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சொன்னது. கால் போனால் ஆர் பிள்ளை எனக்குச் சோறு போடுறது?"

அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை. வீட்டில் உழைக்க வேறு ஆளில்லாத பெண்ணுக்குக் கால்தான் முதல். பத்து வருடத்துக்குப் பின் வரக்கூடிய மாரடைப்பை விட நாளைக்குக் கச்சான் பிடுங்குவது பெரிய விடயம். பிறகு எமது தையல் குழுக்களில் இதைப் பற்றிப் பேசிப் பார்த்தபோது, பேணி வைத்திருப்பவர் அவர் ஒருவரல்ல என்று தெரிந்தது. ஒருவர் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார். ஒருவர் இரத்தம் சோதிக்கும் கிழமை மட்டும் போடுகிறார். இன்னொருவர் மிஞ்சியதைத் தங்கைக்குக் கொடுத்திருக்கிறார். (இதை மட்டும் செய்ய வேண்டாம். கர்ப்பிணிகளும் பிள்ளை பெறும் எண்ணத்தில் இருப்பவர்களும் வைத்தியர் சொல்லாமல் இந்தக் குளிசையைத் தொடக்கூடாது.)

கிளினிக்கில் இதை "அறியாமை" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் வைத்தியர் இல்லாத இடத்தில் பிள்ளையின் காய்ச்சலுக்கு என்ன செய்வது என்று தாமே முடிவெடுத்த பெண்கள் இவர்கள். கண்ணால் கண்டதை நம்பிப் பழகியவர்கள். இந்தக் குளிசையிலோ கண்ணுக்குத் தெரிய ஒன்றும் நடப்பதில்லை. பரசிற்றமோல் போட்டால் சிறிது நேரத்தில் தலையிடி விடும், அது தெரியும். கொலஸ்ரோல் கூடியிருப்பதும் தெரியாது, குறைவதும் தெரியாது, வராமற்போன மாரடைப்பை யாரும் கண்டதில்லை. உடம்புக்குத் தெரியக்கூடியது நோவு ஒன்றுதான். அப்படியான மருந்தைச் சந்தேகிப்பதில் என்ன வியப்பு?

போதாததற்கு அது சும்மா கிடைக்கிறது. "காசுக்கு விக்கிறதெண்டால் நல்ல மருந்து, அரசாங்கம் சும்மா தாறது சத்தில்லாதது" என்று பலர் சொன்னார்கள். இது சரியல்ல. ஒரே மருந்து பல கம்பனிப் பெயர்களில் பல விலைக்கு வருகிறது. பேராசிரியர் சேனக பிபிலே இதற்காகத்தான் கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரிலேயே மருந்து வாங்க வேண்டும் என்று வாதாடினார். 1971 இல் தொடங்கிய அரச மருந்துக் கூட்டுத்தாபனமும் அதன் ஒசுசல கடைகளும் அந்தச் சிந்தனையில் வந்தவைதான். ஆனால் 2022 இல் நெருக்கடி வந்து, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வெளியே வாங்குங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்தபோது பலரது நம்பிக்கை இன்னும் உடைந்தது. வாங்க வழியில்லாமல் சில மாதம் விட்டவர்கள், விட்டும் ஒன்றும் நடக்கவில்லையே என்று அப்படியே இருந்துவிட்டார்கள்.

சரி, இந்தக் குளிசை உண்மையில் என்ன செய்கிறது? உடம்பிலுள்ள கொலஸ்ரோலில் பெரும்பகுதியை ஈரலே செய்கிறது. அதனால்தான் சொதியையும் தேங்காய்ப்பூப் போட்ட புட்டையும் விட்டுவிட்டு ஆறு மாதம் வாயைக் கட்டியவருக்கும் இலக்கம் அவ்வளவாக இறங்காமல் இருக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அது ஏறுவது வழமை. ஈரல் அதைச் செய்யும் வேலையைத்தான் இந்தக் குளிசை தடுக்கிறது. அதன் முதல் மருந்தை அகிரா எண்டோ என்ற யப்பானிய விஞ்ஞானி 1973 இல் ஒரு பூஞ்சணத்திலிருந்து கண்டுபிடித்தார். ஏறக்குறைய 6,000 பூஞ்சண வகைகளைச் சோதித்த பின்தான் அது கிடைத்தது.

1994 இல் ஸ்கண்டிநேவிய நாடுகளின் பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. ஏற்கெனவே இருதய வருத்தம் வந்த 4,444 பேரில் பாதிப் பேருக்குச் சிம்வாஸ்ரற்றினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் ஐந்து வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள். வெறும் குளிசைக்காரரில் 256 பேர் இறந்தனர், மருந்து எடுத்தோரில் 182 பேர். நூற்றுக்கு 12 பேர் சாகிற இடத்தில் 8 பேர் என்று கணக்கிடலாம். கிளினிக்கில் இப்படி ஒரு கணக்கை யாராவது சொல்லி நீங்கள் கேட்டதுண்டா?

அந்த ஆய்வில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஆண்களில் சோதித்த மருந்தை எங்களுக்கு ஏன் தருகிறார்கள் என்று ஒரு தங்கை கூட்டத்தில் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு 2015 இல்தான் தெளிவான பதில் வந்தது. 27 ஆய்வுகளைச் சேர்த்து, அவற்றிலிருந்த 46,000 இற்கு மேற்பட்ட பெண்களின் விபரங்களைப் பார்த்ததில், ஒரே அளவு ஆபத்திலுள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

கால் நோவுக்கு வருவோம். இந்தக் குளிசையால் தசைநார் நோவு வரும் என்பது பொய்யல்ல. இதே வகையைச் சேர்ந்த செரிவாஸ்ரற்றின் என்ற மருந்து, தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகிச் சிலர் இறந்ததால் 2001 இல் உலகச் சந்தையிலிருந்தே எடுக்கப்பட்டது. சிலருக்குச் சீனி சற்றுக் கூடுவதும் உண்டு. ஆனால் இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2020 இல் வெளியான ஓர் ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. நோவு வந்து குளிசையை விட்ட 60 பேருக்கு 12 போத்தல்கள் கொடுத்தார்கள். நாலு மாதம் மருந்து, நாலு மாதம் பார்வைக்கு அதே போன்ற வெறும் குளிசை, நாலு மாதம் வெற்றுப் போத்தல். ஒன்றுமே எடுக்காத மாதங்களில் உபாதை குறைவு. வெறும் குளிசை எடுத்த மாதங்களில் மருந்து எடுத்த மாதங்கள் அளவுக்கே உபாதை. நோவு உண்மை, அவர்கள் பொய் சொல்லவில்லை. நோவு வரும் என்ற பயத்தோடு விழுங்கும்போது உடம்பு அந்த நோவைத் தேடிப் பிடிக்கிறது. முடிவைக் காட்டியபோது அவர்களில் பாதிப் பேர் மீண்டும் மருந்தைத் தொடங்கினார்கள்.

தொடங்க முடிந்ததற்குக் காரணம் யாரோ அவர்களோடு இருந்து விளக்கியது என்றே நினைக்கிறேன். எங்கள் கிளினிக்குகளில் ஒருவருக்கு இரண்டு நிமிடம். வைத்தியர் தெற்கிலிருந்து வந்தவரென்றால் இடையில் ஒரு சிற்றூழியர் நின்று பாதியை மொழிபெயர்ப்பார். தண்ணிக் குடத்தோடு தினமும் இரண்டு மைல் நடக்கும் பெண்ணிடம் "நடவுங்கோ, உடம்பைக் குறையுங்கோ" என்று சொன்னால் அவள் அந்த வைத்தியரின் வேறு எந்தச் சொல்லையாவது நம்புவாளா? வைத்தியர்களுக்கு நோயாளர் கூட்டம் அதிகம் என்பதை ஏற்கிறேன். அந்தப் பெண் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்க அரை நிமிடம் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாரடைப்போ பாரிசவாதமோ ஒருமுறை வந்தவருக்கும், ஒரு வருத்தமும் இல்லாமல் இரத்தப் பரிசோதனை இலக்கம் மட்டும் கொஞ்சம் கூடியவருக்கும் கணக்கு ஒன்றல்ல. முதலாமவருக்குப் பலன் பெரிது, தானாக விடுவது ஆபத்து. இரண்டாமவர் வயது, பிறசர், சீனி, குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்ததா என்பதெல்லாம் பார்த்து வைத்தியரோடு கதைத்து முடிவெடுக்கலாம். சலரோகம் உள்ள நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இலக்கம் அதிகமில்லாவிட்டாலும் இது கொடுப்பார்கள். நாங்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் இருத்தி ஒரே பேச்சைக் கேட்பதால் யார் எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்றே தெரிவதில்லை.

அந்த அம்மாவோடு அடுத்த கிளினிக் நாளில் நானும் போனேன். பேணியையும் கொண்டுபோகச் சொன்னேன். வெட்கப்பட்டார், "ஏசுவினம்" என்றார். மிஸ்ஸி ஏசத்தான் செய்தார். வைத்தியர் இளம் பிள்ளை, தமிழ் அரைகுறை. ஆனால் பேணியைப் பார்த்துவிட்டு எழுதுவதை நிறுத்தினார். எந்தத் தசை, எந்த நேரம், இரண்டு பக்கமுமா, சலம் கறுத்துப் போனதா என்று கேட்டார். தசை பாதிக்கப்பட்டதா என்று பார்க்க ஓர் இரத்தப் பரிசோதனையும், தைரொயிட் குறைந்தாலும் கொலஸ்ரோல் கூடித் தசை நோகும் என்பதால் இன்னொன்றும் எழுதினார். இரண்டும் சரியாக இருந்தன. குளிசையின் அளவைப் பாதியாக்கி, ஆறு கிழமையில் வரச் சொன்னார். கடும் நோவோ சலம் தேத்தண்ணி நிறத்திலோ போனால் உடனே நிறுத்திவிட்டு வரவேண்டும் என்றும், இருமல் காய்ச்சலுக்கு வெளியில் மருந்து எடுத்தால் இந்தக் குளிசையைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றும் சொன்னார். சில அன்ரிபயோட்டிக் மருந்துகள் இதோடு ஒத்துப்போகா. பழைய குளிசைகளைப் பார்மசியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இப்போது போடுகிறார். எல்லா இரவும் அல்ல என்பதையும் எனக்குச் சொன்னார், வைத்தியருக்கும் சொல்லியிருக்கிறார். தொடை நோவு கச்சான் பிடுங்கும் கிழமைகளில் கூடுகிறது, மற்ற நாட்களில் பரவாயில்லை. அதைக் கலண்டரில் புள்ளடி போட்டுக் குறிக்கிறார். போன கிழமை போனபோது கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தைக் காட்டினார். பேரன் எழுதிக்கொடுத்த இரண்டு கேள்விகள். ஒன்று, பாதிக் குளிசைக்கு இலக்கம் போதுமான அளவு இறங்கியிருக்கிறதா? மற்றது, உள்ளியும் சேர்த்துச் சாப்பிடலாமா?

"ரெண்டாவதைக் கேட்டால் சிரிப்பினமோ பிள்ளை?" என்றார். கேளுங்கோ அம்மா என்றேன்.