கைதி எண் 9653-க்கு 9 லட்சம் ஓட்டு!

1920-ம் ஆண்டு மே மாதம்.

அமெரிக்காவில் உள்ள அட்லாண்டா நகரத்து ஜெயிலுக்குச் சிலர் வந்தார்கள். ஒரு கைதியைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

கைதி வந்தார். உயரமான, மெலிந்த உருவம். வழுக்கைத் தலை. வயது 64. உடம்பில் ஜெயில் உடுப்பு.

"சோஷலிஸ்டுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் நீங்கள்தான்" என்று வந்தவர்கள் முறைப்படி தெரிவித்தார்கள். கைதியும் ஒப்புக்கொண்டார்!

அவர் பெயர் யூஜின் டெப்ஸ். ஜெயிலில் அவருடைய எண் 9653. கட்சிக்காரர்கள் அந்த எண்ணையே வில்லையில் அச்சடித்துச் சட்டையில் குத்திக்கொண்டு ஓட்டுக் கேட்டார்கள்.

கொலை செய்தவரா? கொள்ளை அடித்தவரா? இல்லை. மேடையில் பேசியதுதான் அவர் செய்த குற்றம். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

பயர்மேன் வேலை

டெப்ஸ் பிறந்தது 1855-ல். ஊர், இந்தியானா மாகாணத்தில் உள்ள டெர்ரே ஹாட். தகப்பனார் மளிகைக்கடைக்காரர். பையன் 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டான். ரெயில்வே பட்டறையில் எஞ்சின்களில் உள்ள பழைய வர்ணத்தைச் சுரண்டும் வேலைக்குப் போனான். பிறகு எஞ்சினில் கரி அள்ளிப் போடும் பயர்மேன் ஆனான்.

அந்தக் காலத்தில் ரெயில்வேயில் டிரைவருக்கு ஒரு சங்கம், பயர்மேனுக்கு ஒரு சங்கம், கார்டுக்கு ஒரு சங்கம். ஒரு சங்கம் வேலை நிறுத்தம் செய்தால் மற்றச் சங்கம் வண்டி ஓட்டும். முதலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதை மாற்ற நினைத்தார் டெப்ஸ். 1893-ல் எல்லா ரெயில்வே தொழிலாளரும் சேரக்கூடிய ஒரே சங்கத்தைத் தொடங்கினார். மறு வருடமே ஒரு பெரிய ரெயில்வே கம்பெனியை எதிர்த்து, 18 நாள் வேலை நிறுத்தத்தில் ஜெயித்தார்.

ஆனால் அந்தச் சங்கத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கறுப்பர்களைச் சேர்ப்பதா, வேண்டாமா என்ற கேள்வி வந்தபோது, "சேர்க்க வேண்டும்" என்று டெப்ஸ் வாதாடினார். சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் தோற்றுப்போனார். ஒற்றுமைக்காகப் பிறந்த சங்கம், பாதிக் கதவைச் சாத்திக்கொண்டது.

வாடகை போக 2 சென்ட்!

சிகாகோ நகரத்தின் அருகே புல்மேன் என்று ஒரு ஊர். ரெயிலில் படுத்துக்கொண்டு பயணம் செய்யும் சொகுசுப் பெட்டிகளை அங்கே செய்தார்கள். முதலாளியின் பெயரும் புல்மேன்தான். வீடு அவருடையது. கடைக்கட்டிடம் அவருடையது. மாதா கோவில் கூட அவருடைய சொத்து!

1893-ல் நாடு முழுவதும் வியாபாரம் படுத்தது. புல்மேன் கூலியை ஏறக்குறைய கால் பங்கு குறைத்தார். வீட்டு வாடகையை மட்டும் ஒரு காசு கூடக் குறைக்கவில்லை. பங்குதாரர்களுக்கு லாபம் வழக்கம்போல் போய்ச் சேர்ந்தது.

ஒரு தொழிலாளிக்கு வாடகை பிடித்தது போக மிச்சம் 2 சென்ட்தான் கிடைத்ததாம். அந்த 2 சென்ட் செக்கை அவர் மாற்றவே இல்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். இதை எழுதி வைத்தவர் அந்த ஊர்ப் பாதிரியார்.

ஜென்னி கர்ட்டிஸ் என்ற தையல்காரப் பெண்ணின் கதை இன்னும் கொடுமை. அவளுடைய தகப்பனார் 13 வருடம் அதே கம்பெனியில் உழைத்தவர். நோயில் படுத்து, 60 டாலர் வாடகை பாக்கியோடு இறந்தார். அந்தப் பாக்கியை மகளின் கூலியில் பிடித்தது கம்பெனி! ஜென்னி டெப்சின் சங்க மாநாட்டில் எழுந்து நின்று உதவி கேட்டாள்.

டெப்சுக்கு முதலில் தயக்கம்தான். "சங்கம் சின்னக் குழந்தை, பெரிய சண்டை தாங்குமா?" என்ற பயம். ஆனாலும் கேட்டவர்கள் மனம் கொதித்தது. 1894 ஜூன் 26 முதல், புல்மேன் பெட்டி கோர்த்த ரெயிலைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். 27 மாகாணங்களில் சுமார் 2½ லட்சம் பேர் இதில் ஈடுபட்டார்கள்.

தபால் வண்டிகளோடு புல்மேன் பெட்டிகளையும் சேர்த்துக் கோர்த்தன கம்பெனிகள். "தபாலைத் தடுக்கிறார்கள்" என்று சர்க்கார் கோர்ட்டுக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கியது. அந்த வழக்கை நடத்திய சட்ட மந்திரி, மந்திரியாகும் முன் ரெயில்வே கம்பெனிகளின் வக்கீலாக இருந்தவர்! ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். அன்று சிகாகோ தெருக்களில் பட்டாளம் நின்றது. கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் சுமார் 30 பேர் மாண்டார்கள். சங்கம் சிதறியது. டெப்சுக்கு 6 மாத ஜெயில்.

ஓட்டா, வேலை நிறுத்தமா?

ஜெயிலில் அவர் நிறையப் படித்தார், நிறைய யோசித்தார். கோர்ட்டும் பட்டாளமும் யார் பக்கம் என்பதைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. சங்கம் மட்டும் போதாது, தொழிலாளிக்குச் சொந்தக் கட்சியும் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். ரெயில்வே, சுரங்கம், ஆலை எல்லாம் பொதுச்சொத்து ஆகவேண்டும் என்பது அவர் கொள்கை. 1900-ல் முதன்முறை ஜனாதிபதி தேர்தலில் நின்றார். சுமார் 88 ஆயிரம் ஓட்டு. 1912-ல் அதுவே 9 லட்சம்!

"இந்த ஓட்டால் என்ன பயன்?" என்று கேட்டவர்களும் இடதுசாரிகளிலேயே இருந்தார்கள். 1905-ல் டெப்சும் சேர்ந்து தொடங்கிய 'உலகத் தொழில் தொழிலாளர்' சங்கத்தில்தான் அந்தக் குரல் பலமாகக் கேட்டது. அதன் தலைவர்களில் ஒருவர் 'பெரிய பில்' ஹேவுட், சுரங்கத் தொழிலாளி. ஊர் ஊராக அலையும் கூலிக்கு ஓட்டு ஏது? பெரும்பாலான பெண்களுக்கு ஓட்டு ஏது? கப்பலில் வந்து இறங்கிய அயல்நாட்டானுக்கு ஓட்டு ஏது? ஆலையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் அவர்களுடைய ஓட்டு என்றது அந்தச் சங்கம். கேள்வி நியாயமானதுதான்.

மறுபக்கம், மில்வாக்கி நகரத்து சோஷலிஸ்டுகள் 1910-ல் நகராட்சியைப் பிடித்தார்கள். சாக்கடை, குடிநீர், பூங்கா என்று கவனித்தார்கள். "சாக்கடை சோஷலிஸ்டுகள்" என்று சொந்தத் தோழர்களே கேலி செய்தார்கள். (சாக்கடை நாறும் தெருவில் குடியிருப்பவர்களைக் கேட்டால் அல்லவா அதன் அருமை தெரியும்!)

இரண்டு கட்சியும் ஒரே வருடத்தில் ஒன்றுக்கொன்று உதவிய விந்தையும் நடந்தது. 1912-ல் லாரன்ஸ் என்ற ஆலை நகரத்தில், வார வேலை நேரத்தைச் சட்டம் 56 மணியிலிருந்து 54 ஆக்கியது. முதலாளிகள் அந்த 2 மணி நேரக் கூலியை வெட்டினார்கள். பல நாட்டுப் பெண்களும் ஆண்களும் கொட்டும் பனியில் ஆலையை விட்டு வெளியே வந்தார்கள். ஓட்டை நம்பாத ஹேவுடின் சங்கம்தான் முன்னே நின்றது. பட்டினி கிடந்த குழந்தைகளை வேறு ஊருக்கு ரெயில் ஏற்றப் போனபோது, தாய்மாரையும் குழந்தைகளையும் போலீசார் அடித்தார்கள்.

இதைப் பாராளுமன்றத்தில் எழுப்பியவர் யார் தெரியுமா? மில்வாக்கி ஓட்டர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய சோஷலிஸ்டு மெம்பர் விக்டர் பெர்ஜர்! விசாரணை நடந்தது. ஆலைக் குழந்தைகள் தலைநகருக்குப் போய்ச் சாட்சி சொன்னார்கள். மார்ச் மாதமே முதலாளிகள் இறங்கி வந்து கூலியை உயர்த்தினார்கள்.

ஆனாலும் சண்டை ஓயவில்லை. மறு வருடமே கட்சி ஓட்டெடுத்து, ஹேவுடை நிர்வாகக் குழுவிலிருந்து நீக்கியது. ஆலையில் நாசவேலை செய்வதை டெப்சும் ஆதரிக்கவில்லை. ஆனால் சங்கமும் ஓட்டும் இரண்டும் வேண்டும் என்ற கருத்தை அவர் கடைசிவரை விடவில்லை.

பேச்சுக்கு 10 வருடம்

முதல் உலகப்போரில் 1917-ல் அமெரிக்கா இறங்கியது. 1918 ஜூன் 16 அன்று கான்டன் என்ற ஊரில் டெப்ஸ் பேசினார். போரை அறிவிப்பது மேலிடத்தார், சாவது உழைப்பாளி என்பதே பேச்சின் சாரம். கைது செய்தார்கள். கோர்ட்டில் அவர் எதையும் மறுக்கவில்லை. ஜெயிலில் ஒரு மனிதன் இருக்கும்வரை தானும் சுதந்திரமானவன் அல்ல என்றார். தண்டனை 10 வருடம்!

தேர்தல் முடிவு வந்த இரவு, ஜெயில் அதிகாரியின் அறையில் இருந்தார் டெப்ஸ். ஓட்டு 9 லட்சத்துக்கும் மேல். ஜெயித்தவர் ஹார்டிங். 1921 கிறிஸ்துமஸ் அன்று டெப்சை விடுதலை செய்தவரும் அந்த ஹார்டிங்தான். வெளியே போன கிழவரைப் பார்த்து ஜெயிலுக்குள் இருந்த கைதிகள் ஆரவாரம் செய்தார்கள். மறுநாள் வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஹார்டிங் கைகுலுக்கினார்.

ஆனால் அது முழு மன்னிப்பு அல்ல, தண்டனைக் குறைப்புதான். 5 முறை ஜனாதிபதி பதவிக்கு நின்ற டெப்சுக்கு, ஓட்டுப் போடும் உரிமை திரும்பக் கிடைக்கவில்லை. 1926-ல் இறந்தார்.

1976-ல் அவருடைய குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்போது அவர் இறந்து 50 வருடம் ஆகியிருந்தது.