எலி வளையிலிருந்து வரும் காய்ச்சல்

ஆப்பிரிக்கக் கிராமங்களில் காய்ச்சல் என்றாலே மலேரியா என்று முடிவுகட்டுவது நெடுநாள் வழக்கம். அந்த வழக்கம் எவ்வளவு தூரம் தவறக்கூடும் என்பதை 2013இல் வெளியான வடக்குத் தான்சானிய ஆய்வு ஒன்று காட்டியது. காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்த 870 பேரில் 528 பேருக்கு மலேரியா என்று எழுதப்பட்டிருந்தது. உண்மையில் மலேரியா இருந்தது 14 பேருக்குத்தான். மீதிப் பேரில் கணிசமானவர்களுக்கு எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் போன்ற பாக்டீரியா நோய்கள் இருந்தன.

செனகலின் டியல்மோ கிராமத்தில் 1990 முதல் காய்ச்சல் கண்டவர்களின் ரத்தத்தை ஆய்வாளர்கள் விடாமல் பார்த்துவந்தார்கள். 14 ஆண்டுக் கணக்கில், 100 பேருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 11 முறை பொரீலியா என்ற பாக்டீரியாவால் மீள்காய்ச்சல் வந்திருந்தது. பரப்புவது ஒருவகை உண்ணி. மாட்டின் மேல் நாள்கணக்கில் ஒட்டிக்கிடக்கும் உண்ணியைப் போன்றதல்ல இது. எலி வளைக்குள் வாழ்வது. வளையின் வாய் வீட்டுத் தரையில் திறந்திருந்தால் இரவில் வெளியே வந்து, தூங்குகிறவரிடம் வலி தெரியாமல் சிறிது நேரம் ரத்தம் குடித்துவிட்டு வளைக்கே போய்விடும். கடிபட்டவருக்கே தெரியாது. சுருள் வடிவமான இந்தப் பாக்டீரியா தன் மேலுறைப் புரதத்தை மாற்றிமாற்றி உடலின் எதிர்ப்பிலிருந்து தப்புகிறது. அதனால் காய்ச்சல் சில நாளில் தானே விடும், பிறகு மறுபடி அடிக்கும். இடையில் மலேரியா மாத்திரை சாப்பிட்டிருந்தால் மருந்து கேட்டது போலவே தோன்றும். திரும்ப வந்தால் அதுவும் மலேரியா கணக்கில் சேர்ந்துவிடும். தவறு தன்னைத்தானே உறுதிப்படுத்திக்கொள்வது இப்படித்தான்.

சோதித்த பிறகே மலேரியா மருந்து தரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் சொல்லிவிட்டதே, இனி என்ன குறை என்று கேட்கலாம். துரிதப் பரிசோதனை அட்டை பெரிய வரம்தான். ஆனால் மலேரியா உண்டா இல்லையா என்பதற்கு மேல் அதனால் எதுவும் சொல்ல முடியாது. சாயமேற்றிய ரத்தத் தடவலை நுண்ணோக்கியில் பார்ப்பவர் கண்ணில் பொரீலியாவின் மெல்லிய சுருளும் படும். எண்ணிக்கை குறைந்தால் அதுவும் தப்பலாம் என்பது உண்மை. அதற்காகப் பார்க்காமலே இருப்பது சரியாகாது. எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாம் என்பதையும் ஏற்க முடியாது. வைரஸ் காய்ச்சலுக்கு அது பயன்படாது. பாக்டீரியாக்களுக்கும் ஒரே மருந்து பொருந்தாது. கண்மூடித்தனமாகக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். மீள்காய்ச்சல் உறுதியானால் டெட்ராசைக்ளின் வகை மருந்து குணப்படுத்தும். ஆகவே இந்நோய் உள்ள ஊர்களின் சுகாதார நிலையங்களில், அட்டை வந்த பின்னும் நுண்ணோக்கியையும் அதைப் பார்க்கத் தெரிந்தவரையும் விட்டுவிடக் கூடாது.