நேராக ஏறத் தெரியாத ரயில்

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், லியாங்ஷான் மலைகளிலிருந்து செங்டு பெருநகரை நோக்கிப் பழைய பாதையில் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தலை சுற்றிப்போகும். சற்றுமுன் கடந்து வந்த தண்டவாளம் பள்ளத்தாக்கில் கீழே தெரிகிறது. இடப்பக்கம் ஓடிய ஆறு வலப்பக்கம் வந்துவிட்டது. ரயில் வந்த வழியே திரும்புகிறதா? இல்லை, மலை ஏறிக்கொண்டிருக்கிறது.

இரும்புச் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயம் அளவுதான். உரசல் அவ்வளவு குறைவு என்பதால், 1,000 டன் ரயிலைச் சமதளத்தில் மெதுவாக உருட்டச் சுமார் 2 டன் எடையைத் தூக்கும் விசை போதும். அதே ரயில் கிலோமீட்டருக்கு 13 மீட்டர் உயரும் பாதையில் ஏறட்டும். கண்ணுக்குச் சரிவென்றே தெரியாது. ஆனால் புவியீர்ப்பு மேலும் 13 டன் பின்னுக்கு இழுக்கும்! சரிவு இன்னும் கூடக்கூட ஒட்டுவிசை, அதாவது சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தைப் பற்றும் பிடிமானம், போதாமல் போகும். எஞ்சினுக்கு எவ்வளவு வலு இருந்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

அந்தச் சரிவில் 100 மீட்டர் உயரவே கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் தண்டவாளம் வேண்டும். பள்ளத்தாக்கோ அவ்வளவு நீளமில்லை. ஆகவே பொறியாளர்கள் நீளத்தைத் தாங்களே உண்டாக்கினார்கள். பாதையை வளைத்து, மலைக்குள் நுழைத்து, உள்ளேயே திருப்பி, நுழைந்த இடத்துக்கு மேலே வெளியே கொண்டுவந்தார்கள். இதைச் சுருள்பாதை எனலாம். இந்த வித்தையால்தான் ரயில் சுமார் 2,280 மீட்டர் உயரத்திலுள்ள ஷாமுலாடா சுரங்கத்தை எட்டுகிறது. பிறகு கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டரில் இருக்கும் செங்டுவுக்கு இறங்க வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தில், சீதே, கான்லுவோ என்ற ஊர்களுக்கு இடையேயுள்ள 120 கிலோமீட்டரில் நியூரி ஆற்றைப் பாதை 13 முறை தாண்டுகிறது.

1958இல் கட்டத் தொடங்கி 1970 ஜூலை 1இல் திறக்கப்பட்ட இந்தச் செங்டு–குன்மிங் பாதை சுமார் 1,100 கிலோமீட்டர் நீளம். சுரங்கங்கள் மட்டும் 427. ரயில் நிற்கச் சமதளம் கிடைக்காததால் நாற்பதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் முழுதாகவோ பாதியாகவோ பாலத்தின்மேல், அல்லது சுரங்கத்துக்குள். ஓரிடத்தில் செங்குத்தான மலையிடுக்கை 54 மீட்டர் இடைவெளியை எட்டும் ஒற்றைக் கல் வளைவால் தாண்டியிருக்கிறார்கள். எஃகு அல்ல, கல்! எனக்கு இந்தப் பாதையிலேயே மிகவும் பிடித்தது அதுதான்.

2022 டிசம்பரில் முழுதாகத் திறந்த புதிய இரட்டைப்பாதையில் வேறு வழியைக் கையாண்டார்கள். உயரத்தை ஏறிக் கடப்பதற்குப் பதில் மலையின் அடியைத் துளைத்துவிட்டார்கள். சியாவோசியாங்லிங் சுரங்கம் மட்டும் கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர். சீச்சாங் நகரிலிருந்து செங்டுவுக்கு இப்போது சுமார் மூன்று மணி நேரம்தான்.

ஆனால் மலைக்கு அடியில் ஊர் ஏது? பழைய பாதையோரம் வாழும் யி இன மக்களுக்காக 5633, 5634 எண்ணுள்ள பாசஞ்சர் ரயில்கள் பூசியோங், பான்ஜிஹுவா என்ற ஊர்களுக்கு இடையே நின்று நின்று ஓடுகின்றன. 353 கிலோமீட்டருக்குக் கட்டணம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதே இருபத்தைந்தரை யுவான். குறைந்த கட்டணம் 2 யுவான். வேலைக்கு, சந்தைக்கு, பள்ளிக்கு என்று ஊரே கூட்டமாக ஏறும். ஆடு, கோழி, பன்றி கொண்டுவருவோருக்காக இருக்கைகளைக் கழற்றிய பெட்டியும் உண்டு.