வளையலுக்கு முன் அது வேட்டைக்காரன்

கொல்கத்தா நியூ டவுனில் எங்கள் அடுக்ககத்தில், மணமான பெண்கள் பலர் கையில் வெள்ளைச் சங்கு வளையல் உண்டு. எதிர்வீட்டு பௌதியின் (வங்காளத்தில் அண்ணியை அப்படித்தான் அழைப்பார்கள்) வளையலைப் பார்த்தாலே எனக்கு எங்கள் தூத்துக்குடிக் கடல் நினைவுக்கு வரும். மன்னார் வளைகுடாச் சங்கு வங்காளத்துக்கு வருவது பல நூற்றாண்டு வழக்கம். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் சங்கைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். கொற்கையில் கிடைத்த அறுத்த சங்குத் துண்டுகளைப் பற்றியும் அதில் சொல்கிறார்.

“இதற்குள் என்ன இருந்தது?” என்று பௌதி கேட்டார். நத்தைதான். ஆனால் தழை மேயும் நத்தை அல்ல, மணலுக்குள் புழு வேட்டையாடுவது.

அது புதையும் விதமே அழகு. பாதத்தை ஒடுக்கி மணலில் செருகும். பிறகு ரத்தத்தைப் பாய்ச்சி அதை உப்பவைக்கும். உப்பிய பாதம் நங்கூரம்போல் பிடித்துக்கொள்ள, தசை சுருங்கி ஓட்டை உள்ளே இழுக்கும். திரும்பத் திரும்ப இப்படிச் செய்தே அத்தனை கனமான ஓடும் மறைந்துவிடும்.

பூஜைச் சங்கில் தீர்த்தம் வழியும் மூக்கை விரலால் தடவிப் பாருங்கள், ஒரு வாய்க்கால் தட்டுப்படும். உயிரோடிருந்தபோது அதன் வழியாக நீண்ட குழலால்தான் சங்கு தண்ணீரை இழுத்தது, மூச்சு விடவும் இரையை மோப்பம் பிடிக்கவும். குழாய் கட்டி வாழும் புழுக்கள் அதன் இரை. சங்கு குளிக்கும் என் மாமா அவற்றைப் ‘பூச்சி’ என்பார். பூச்சி உள்ள மணலில்தான் சங்கு கிடக்கும் என்பது அவர்கள் கணக்கு. சங்கு தன் துதிக்கையை நீட்டிப் புழுவைப் பிடிக்கும். துதிக்கை நுனியில் வாய், வாய்க்குள் பல்வரிசை பதிந்த நாடா.

பல்நாடாவால் வேட்டையாடும் நத்தை சங்கு மட்டுமல்ல. வங்காளத்தின் தீகா கடற்கரையில் பொறுக்கும் சிப்பிகள் சிலவற்றில், வெளியே அகன்று உள்ளே குறுகும் வட்டத் துளை இருக்கும். அது நாட்டிசிடே குடும்பத்து நத்தையின் வேலை. பாதத்தால் சிப்பியைப் போர்த்தி, அமிலச் சுரப்பால் ஓட்டை இளக்கி, பல்நாடாவால் சுரண்டித் துளைத்துச் சதையைத் தின்றுவிடும்.

மீண்டும் சங்குக்கு வருவோம். அதன் முட்டைக்கூடும் மணலில் ஊன்றித்தான் நிற்கும். குஞ்சுகள் ஓட்டோடு வெளிவந்து அங்கேயே ஊர்கின்றன. தொலைவுக்கு மிதந்து போகும் குஞ்சுப் பருவம் அவற்றுக்குக் கிடையாது. ஓரிடத்துச் சங்கு அழிந்தால், வேறிடத்துக் குஞ்சு மிதந்து வந்து அதை எளிதில் நிரப்பாது. இழுவைமடி வலை கடலடியை வாரும்போது சங்கு மட்டுமல்ல, பூச்சியும் அதன் குழாயும் கூடு ஊன்றிய மணலும் சேர்ந்தே கலைகின்றன. சங்குப் படுகைகளில் இழுவைமடியை விடவே கூடாது. அரசும் படகுக்காரர்களும் சேர்ந்து இதை உறுதிசெய்தாக வேண்டும்.