ஓடும் வீட்டின் மரவேலை

வீடு நிற்பது, வண்டி ஓடுவது என்பதே நாம் பழகிய வழக்கம். இரண்டும் ஒன்றாய் அமைந்த ஊர்தி மேலைநாடுகளில் உண்டு. கட்டில், அடுப்பு, அலமாரி, குளியலறை யாவும் தன்னுள்ளே கொண்ட அதனை ‘மோட்டார் ஹோம்’ என்பர். நாம் வீட்டு வண்டி என்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்காலத்தில், தென் ஜெர்மனியின் ஆல்கொய் பகுதியில், விடுப்பில் சென்ற பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாகப் பணியாற்றினோம். வீட்டு வண்டிக்கும் அப்பகுதிக்கும் பழைய உறவு உண்டு. அங்குள்ள இஸ்னி நகரில் சாட்டை செய்யும் குடும்பத் தொழிலில் ஈடுபட்டிருந்த அரிஸ்ட் டெத்லெஃப்ஸ் என்பவர், தம் வாழ்க்கைத் துணையான ஓவியர் ஃப்ரிடெல் தம்முடன் பயணம் செய்யும் பொருட்டு, காரின் பின்னே இழுத்துச் செல்லத்தக்க வீட்டு வண்டியொன்றை 1931-ஆம் ஆண்டில் உருவாக்கினார்.

அப்பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் தம் வீட்டு வண்டியை மந்திரித்துத் தருமாறு நம்மை அழைத்தார். வடபுலத்தில் நோயுற்றிருந்த மனைவியின் தமக்கையைக் காண மறுநாள் புறப்படுவதாக ஏற்பாடு. உள்ளே நுழைந்ததும் வியந்தோம். வண்டிக்கு வயது 20. அலமாரிக் கதவுகளோ நேற்றுச் செய்தவை போல் ஒளிர்ந்தன. சனிதோறும் தாமே துடைத்து மெருகிடுவதாக அவர் பெருமையுடன் கூறினார். தீர்த்தம் தெளித்து முடித்தோம். அம்மையார் கட்டிலடிப் பெட்டியைத் திறந்து போர்வையொன்றை எடுத்தார். அது ஈரமாயிருந்தது. முதியவர் குனிந்து உட்சுவரை விரலால் அழுத்தினார். விரல் பலகைக்குள் புதைந்தது.

“சுவாமி, இத்தனை ஆண்டுகளும் கண்ணுக்குத் தெரிந்த மரத்தையே துடைத்துக் கொண்டிருந்தேன்” என்றார். வண்டிப் பயணம் நின்றது. பின்வந்த வாரங்களில் அவர் பலகைகளைக் கழற்றுகையில் உடனிருந்து நாம் கற்றவற்றை இங்கே எழுதுகிறோம். அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகளுள் இத்தகைய வண்டி வைத்திருப்போர்க்கு இது பயன்படக்கூடும்.

மரம் வெட்டுண்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்பதும் விடுவதுமாகவே இருக்கிறது. ஏற்கும்போது அகலவாக்கில் விரியும், விடும்போது சுருங்கும். மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவுகள் இறுகுவது இதனால்தான். வீட்டு வண்டியில் எடை குறைய வேண்டி மெல்லிய ஒட்டுப்பலகையே மிகுதியும் பயன்படுகிறது. பழைய முறையில் கட்டிய வண்டிகளில் சுவரினுள்ளும் மரச்சட்டங்கள் உண்டு. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே ஒட்டுப்பலகை, இடையே வெப்பம் காக்கும் நுரைப்பலகை. இணைப்புகளிலுள்ள அடைப்புப்பசை நாட்பட்டு வெடித்தால், மழைநீர் அவ்வழியே இறங்கிச் சட்டத்தில் தங்கும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கைத் தாண்டி நிலைத்தால் பூஞ்சணம் அதனைத் தின்னத் தொடங்கும். முதியவரின் வண்டியில் நேர்ந்தது இதுவே. சன்னலின் மேல்விளிம்பில் மயிரிழை போன்ற ஒரு பிளவு. அதற்கு நேர்கீழே உளுத்த பலகை.

மழை மட்டுமா? மூடிய வண்டியில் இருவர் உறங்கினால், அவர்தம் மூச்சும் வியர்வையும் ஓரிரவில் ஏறக்குறைய அரை லிட்டர் நீரைக் காற்றில் சேர்க்கும். சமையல் வாயு 1 கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோ நீர் ஆவியாய்ப் பிறக்கும். அந்த ஆவி மெத்தையின் அடியிலும் அலமாரியின் பின்புறத்திலும் குளிர்ந்து துளிகளாய்ப் படியும்.

ஆகவே முதற்கடமை மெருகிடுதல் அன்று, காற்றோட்டம். சமைக்கையில் கூரைச் சாளரத்தைத் திறக்க வேண்டும். காலையில் மெத்தையைத் தூக்கி நிறுத்த வேண்டும். பல மாதம் வண்டியை நிறுத்தி வைக்கும்போது அலமாரிகளையும் பெட்டிகளையும் திறந்தே வைக்க வேண்டும். குளிருக்கு அஞ்சி, வண்டியோடு அமைந்த காற்றுத்துளைகளை அடைத்தல் மரத்திற்குக் கேடு. அடுப்பெரியும் இடத்தில் உயிருக்கே கேடு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் மூலைகளையும் சன்னலோரங்களையும் கட்டிலடியையும் கையால் அழுத்திப் பார்த்து, ஈரமானியால் அளக்க வேண்டும். ஒழுகலை அடைத்து, மரம் முற்றும் உலர்ந்த பின்னரே பழுது பார்க்க வேண்டும். ஈரத்தின்மேல் வார்னிஷ் பூசுவது, சீழை உள்ளே வைத்துப் புண்ணை மூடுவது போன்றதாகும்.

இனி மேற்பரப்பு. மென்துணியைச் சோப்புநீரில் நனைத்து நன்கு பிழிந்து, மர ரேகையின் போக்கில் துடைத்து, உடனே உலர்துணியால் ஒற்றினால் போதும். பல வண்டிகளில் மரம்போல் தோன்றுவது அச்சிட்ட மென்படலமே. அதனை உப்புத்தாளால் தேய்த்தால் மீளாது. சிலிக்கோன் கலந்த மெருகுப் பூச்சுகளைத் தவிர்ப்பது நன்று. பின்னாளில் புது வார்னிஷ் அதன்மேல் சீராய்ப் பிடிக்காது. வெண்தடம் தோன்றினால் ஈரம் பூச்சளவில் நிற்கிறது என்க; கருந்தடம் தோன்றினால் அது மரத்தையே எட்டியிருக்கக்கூடும். ஓட்டத்தின் அதிர்வால் கீல்களின் திருகாணி தளர்ந்தால், துளையில் பசை தோய்ந்த மரக்குச்சியைச் செருகி, காய்ந்தபின் அதே ஆணியை முடுக்கலாம். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வண்டிக்குள் போடலாகாது. அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியே விரித்து உலர்த்துக.

அத்தம்பதியர் இரயிலில் வடபுலம் சென்று தமக்கையைக் கண்டு திரும்பினர். உளுத்த பலகைகளை அகற்றிச் சட்டங்களை மாற்றும் வேலை அவ்வாண்டின் குளிர்காலம் முழுதும் நீடித்தது. உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி முதியவர் நமக்கு எழுதிய மடலில், ஈரமானி காட்டிய எண்ணே முதல் வரியில் இருந்தது: 12. சனிக்கிழமை மெருகிடும் பழக்கத்தை அவர் இன்னும் விடவில்லையாம். ஆயின் கட்டிலடிப் பெட்டியைத் திறந்து, சுவரில் கைவைத்துப் பார்த்த பின்னரே துணியை எடுக்கிறாராம்.