ஒரு வருஷ சீனியர் போதும்!

கல்லூரி திறந்த முதல் வாரம், பஸ்ஸில் ஃபர்ஸ்ட் இயர் பையனைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். புது பேக், புது செருப்பு, பேய் முழி! ‘சீனியர்’ என்று யாராவது சொன்னால் போதும், பாதி உயிர் போய்விடும்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். தமிழ்நாடே பதறியது. 1997-ல் ராகிங்கைத் தடுக்கச் சட்டம் வந்தது. 2009-ல் யு.ஜி.சி. விதிகள் வந்தன. புது மாணவர்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு ஆசிரியர் என்று ஒப்படைக்கச் சொல்கிறது விதி. நல்ல விதிதான். ஆனால், ‘‘சார், இன்டர்னல் மார்க்னா என்ன சார்?’’ என்று ஹெச்.ஓ.டி-யிடம் போய்க் கேட்க எந்தப் பையனுக்கு தைரியம் வரும்?

அதைச் சொல்ல, போன வருஷம் அதே முழி முழித்த ஆள்தான் சரி.

நான் ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். பி.காம். முதல் வகுப்பில் லெக்சரர் லெட்ஜர், டிரயல் பேலன்ஸ் என்று பொரிந்து தள்ளினார். பக்கத்து பெஞ்சு கான்வென்ட் பையன் தலையாட்டினான். நானும் ஆட்டினேன்! சாயங்காலம் கேன்டீனில் ஒரு செகண்ட் இயர் அண்ணன் ஒரு தாளை நீட்டினார். பற்று - டெபிட், வரவு - கிரெடிட், பேரேடு - லெட்ஜர், இருப்பாய்வு - டிரயல் பேலன்ஸ்... ‘‘உனக்கு எல்லாம் தெரியும்டா. பேருதான் மாறியிருக்கு’’ என்றார். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தவன், அன்றைக்கு அவிழ்த்தேன்.

இன்றைக்கு இந்தத் தாள் இன்னும் நிறையப் பேருக்குத் தேவை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் இன்ஜினீயரிங்குக்கும் வந்தது. ஸீட் கிடைத்துவிடுகிறது. கிளாஸில் வாய் திறக்க வேண்டாமா?

அங்கேதான் சில சீனியர்கள் சொதப்புகிறார்கள். முதல் கேள்வியே, ‘‘கட்-ஆஃப் எவ்ளோ?’’ கேட்பவருக்கு அது வெறும் நம்பர். பதில் சொல்கிறவனுக்கோ, ‘நீ எந்த கோட்டா?’ என்ற விசாரணை! ‘‘சாப்பிட்டியா?’’ என்று கேட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

மென்டார் நோட்டில் மாதம் ஒரு கையெழுத்து வாங்குவதோடு சில கல்லூரிகள் முடித்துக்கொள்கின்றன. பார்வையற்ற மாணவர் பரீட்சைக்கு ஸ்க்ரைப் கேட்டு யாரிடம், எப்போது எழுதித் தரவேண்டும் என்பது அந்த நோட்டில் இருக்காது. போன வருஷம் அலைந்து வாங்கியவரிடம் கேளுங்கள். ரூம் நம்பரோடு சொல்வார்.