துணிக்கையின் சுவடு காணும் சிலிக்கன் தகடு

கல்லூரி ஆய்வுகூடத்திலே நீரின் வெப்பநிலையை அளந்த நாளில், வெப்பமானியும் சிறிது வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும் என்று நாம் கற்றோம். அவ்விடரே துணிக்கை ஆராய்ச்சியாளரையும் வருத்துகின்றது. ஏற்றமுடைய துணிக்கை எப்பொருளினூடு சென்றாலும் அப்பொருளின் அணுக்கருக்கள் அதனைச் சிறிது சிறிதாய் வழிவிலக்குகின்றன. பொருள் தடித்தால் விலகலும் மிகும். மில்லிமீற்றரின் சிறு பங்கு தூரத்துட் சிதைந்தொழியும் துணிக்கையின் பிறப்பிடத்தை, அதன் சேய்த்துணிக்கைகளின் சுவடுகொண்டே உய்த்துணர வேண்டுமாதலின், இவ்விலகல் சிறு குற்றமன்று.

ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்தின் அலிஸ் பரிசோதனையில் 2021ஆம் ஆண்டு பொருத்திய கருவியை நோக்குவோம். அதன் உள்ளடுக்குத் தகடுகளின் தடிப்பு 50 மைக்கிரோமீற்றர், மெல்லிய தலைமயிரளவே. 3 சதமமீற்றர் நீளமும் 1.5 சதமமீற்றர் அகலமுங் கொண்ட ஒரு தகட்டில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டங்கள் உள. துணிக்கை ஊடுருவ, விடுபட்ட இலத்திரன்கள் அண்மைக் கட்டத்திற் சேர்கின்றன. அக்கட்டம் தன் இடத்தை அறிவிக்கின்றது. முன்னைய கருவியின் கட்டத்தகடுகளில் உணரும் சிலிக்கனும் குறிப்பை வாசிக்கும் சிலிக்கனும் வேறு வேறு; ஈண்டு இரண்டும் ஒன்றே. ஏழு அடுக்கிலும் ஏறக்குறைய 1250 கோடி கட்டங்கள்!

எனினும், இன்று துணிக்கையை மிகத் தடுப்பது சிலிக்கனன்று. அதனைத் தாங்கும் சட்டமும், மின்வடங்களும், குளிர்நீர்க் குழாய்களுமே. இவற்றுட் பெரும்பாலானவற்றை நீக்கக் கருதியோர், மெல்லிய தகட்டையே உருளைபோல் வளைத்துப் பார்த்தனர். வளைந்த பின்னரும் அது பழுதின்றித் தொழிற்பட்டது.